மத்திக் குழம்பு, கடல் காற்று, கைக்கு எட்டிய மாம்பழம்

வெயில் சாயத் தொடங்கியதும் காரைக்கால் கடற்கரையில் கூட்டம் சேரும். அரசலாற்றங்கரையை ஒட்டி நடந்தே வருகிறவர்கள், நிரவியிலிருந்தும் கோட்டுச்சேரியிலிருந்தும் வண்டியில் வருகிறவர்கள், சனிக்கிழமையானால் திருநள்ளாற்றில் தரிசனம் முடித்து அப்படியே கடலையும் பார்த்துவிடலாம் என்று வேனை இந்தப் பக்கம் திருப்புகிறவர்கள். பாதிப்பேர் கடலில் காலைக்கூட நனைப்பதில்லை. மணலில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டுக் கிளம்புகிறார்கள். காசில்லாமல் கிடைக்கும் அந்தக் காற்றுக்குப் பின்னால் ஒரு முழுப் பகலின் வேலை இருக்கிறது.

ஒரு கிராம் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4.2 ஜூல் வெப்பம் வேண்டும். காய்ந்த மணலுக்கு 0.8 ஜூல் போதும். அதோடு, மணலில் வெயில் மேலே சில விரற்கடை ஆழத்தோடு நின்றுவிடுகிறது. கடலிலோ அலையும் நீரோட்டமும் வெப்பத்தைப் பல மீட்டர் ஆழத்துக்குக் கலந்துவிடுகின்றன. அதனால்தான் உச்சிவேளையில் மணலில் கால் வைக்க முடியாது, தண்ணீர் மட்டும் காலையில் இருந்தது போலவே இருக்கும். சூடான தரைமேல் இருக்கும் காற்று லேசாகி மேலெழும்போது அங்கே காற்றழுத்தம் குறைகிறது. மொத்த அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் குறைகிறது. கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்றை ஊருக்குள் இழுத்துவர அதுவே போதும்.

பங்குனி, சித்திரையில் இந்தக் காற்று மதியத்துக்கு முன்பே வந்துவிடும். ஆனி, ஆடியில் கதை வேறு. தென்மேற்குப் பருவத்தின் மேல்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வலுவாக வீசி, உள்ளே வரப் பார்க்கும் கடல் காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த மாதங்களில் சில நாள் பிற்பகலில் தாமதமாக வரும், சில நாள் வராமலே போய்விடும். புழுக்கத்தில் காத்திருந்து, சட்டென்று சட்டை படபடக்கும் அந்த நொடி கடற்கரையூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு காற்றும் தள்ளிக்கொண்டிருந்ததில் கடல் காற்று வென்ற நொடி அது. வந்தவுடன் உடம்பைச் சுற்றித் தேங்கி நிற்கும் ஈரக் காற்றுப் படலத்தை அது அள்ளிக்கொண்டு போகிறது. வியர்வை மறுபடி ஆவியாகத் தொடங்குகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்ளும். கடல் காற்று ஈரமானதுதான்; ஆனாலும் நகர்கிற காற்று, நிற்கிற காற்றைவிடப் பல மடங்கு உதவும்.

காற்றைப் போலவே கடல் மலிவாகக் கொடுக்கும் இன்னொன்று மத்தி. வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் இருக்கும் மரியாதை இதற்கு மீன் சந்தையில் இல்லை. எனக்கு அது நியாயமாகத் தெரிந்ததே இல்லை. கடலில் வெயிலை உண்டு வளரும் நுண்பாசிகள், அவற்றை வடிகட்டித் தின்னும் மத்தி, மத்தியைத் தின்னும் நாம்: சங்கிலி அவ்வளவுதான். மூளைக்கும் இதயத்துக்கும் நல்லது என்று சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களைப் பெரும்பாலும் மீன்கள் உண்டாக்குவதில்லை, நுண்பாசிகளே உண்டாக்குகின்றன. மத்தி அவற்றை நேராக எடுத்துத் தன் எண்ணெயில் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளே வாழும் மீன் என்பதாலும், பெரிய மீன்களைப் பிடித்துத் தின்பதில்லை என்பதாலும், சுறா போன்றவற்றில் சேரும் அளவுக்குப் பாதரசம் இதில் சேர்வதில்லை. சின்ன மத்தியை முள்ளோடு மென்றுவிட்டால் சுண்ணாம்புச் சத்தும் கூடவே வரும். விலையை மட்டும் பார்த்து மீனின் தரத்தைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கவிச்சி அடிக்கும் என்பதுதான் மத்தியின்மேல் வைக்கப்படும் குறை. உப்புக் கடலில் வாழும் மீன்கள், உடலின் நீரைக் கடல் உறிஞ்சிவிடாமல் காக்க, ட்ரைமெத்திலமின் ஆக்சைடு என்ற பொருளைத் தசையில் சேர்த்து வைத்திருக்கின்றன. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமினாக மாற்றும்போதுதான் நமக்குத் தெரிந்த கவிச்சி எழுகிறது. இந்தப் பொருள் காரத்தன்மை உள்ளது, எளிதில் ஆவியாகி மூக்குக்கு வருவது. இங்கேதான் புளி வேலை செய்கிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதற்கு ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து உப்பாக மாற்றிவிடுகிறது. உப்பு ஆவியாகாது, ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும், குழம்பில் புளியைத் தூக்கலாக வைப்பதும் வேதியியல் பாடம் படிக்காமலே நம் வீட்டுப் பெண்கள் கண்டெடுத்த வழி.

முதல் நாள் குழம்பைவிட மறுநாள் குழம்பு ருசி என்பதும் வெறும் நம்பிக்கை அன்று. வெந்தயம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றின் மணப்பொருள்களில் பல தண்ணீரில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. மத்தியோ எண்ணெய் மீன். இரவு முழுதும் அந்த மணங்கள் எண்ணெய் வழியே பரவி மீனுக்குள் இறங்குகின்றன. மிளகாயின் காரமும் புளிப்பும் உப்பும் துண்டின் நடுவரை போய்ச் சேர்கின்றன. புளியின் அமிலம் கெட்டுப்போக வைக்கும் கிருமிகளின் வேகத்தைக் குறைக்கும். இருந்தாலும் இரவில் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குவதே சரி. அதை வைத்துப் பழைய சோற்றைத் தின்பவருக்கு இரண்டாவது வேளைக்கு ஆகும் கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

கடற்கரைக்குத் திரும்புவோம். தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் மூன்றும் ஒரே பொட்டலத்தில் ஏன் வந்து சேர்ந்தன? ஆக்ஸ்ஃபோர்டில் பார்பரா ரோல்ஸும் அவருடன் இருந்தவர்களும் 1980களின் தொடக்கத்தில் காட்டிய ஒரு விஷயம் இதற்குப் பொருந்துகிறது. ஒரே ருசியைத் தின்றுகொண்டே போனால் அந்த ருசி மட்டும் சலிக்கிறது. அதே வேளை வேறு ருசி வந்தால் ஆசை புதிதாகப் பிறக்கிறது. மாவுபோல் மசியும் பட்டாணி, நறுக்கென்று கடிபடும் மாங்காய், பல்லில் எண்ணெய் விடும் தேங்காய், நடுவே ஒரு காய்ந்த மிளகாய். ஒவ்வொரு வாயிலும் ருசி மாறுவதால், பொட்டலம் தீரும்வரை சலிப்புக்கு இடம் இல்லை.

இனி மாம்பழம். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி காரைக்கால் அம்மையார் கோயிலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. கணவன் கொடுத்தனுப்பிய கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்ட புனிதவதியார் (அம்மையாரின் இயற்பெயர்), இன்னொரு கனியை இறைவனிடம் வேண்டிப் பெற்ற கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மக்கள் மாம்பழங்களை வீசுகிறார்கள். கீழே நிற்பவர்கள் கைநீட்டி, முந்தானை விரித்துப் பிடிக்கிறார்கள். கடையில் காசு கொடுத்தால் கூடை கூடையாகக் கிடைக்கும் பழம்தான். ஆனால் வீசிய பழம் கையில் விழுந்தவரின் முகத்தைப் பார்த்தவர்கள், இரண்டும் ஒரே பழம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பக்தி இதில் முதற்காரணம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கூடவே நரம்பியல் சொல்லும் ஒன்றும் உண்டு. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1990களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு வந்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்குக்குத் துடித்தன. சாறு வந்தபோது அசையவில்லை. 2003இல் ஃபியோரில்லோ, டோப்ளர் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், சாறு வருவதற்கும் வராமல் போவதற்கும் சரிபாதி வாய்ப்பு இருக்கும்போது காத்திருக்கும் நேரத்தில் அந்த அணுக்களின் துடிப்பு மிக அதிகமாக ஏறியது. குரங்கில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றிவிட முடியாது. இருந்தாலும் எறிந்த பழம் கைக்கு வருமா, பக்கத்து ஆளிடம் போய்விடுமா என்று நிற்கும் கூட்டத்தின் பரபரப்புக்கு இது நல்ல விளக்கம்.

டோபமினை இன்பத்தின் ரசாயனம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. கென்ட் பெரிட்ஜ் என்ற அமெரிக்க ஆய்வாளர், டோபமின் அநேகமாக முற்றிலும் அழிக்கப்பட்ட எலிகளின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டபோது, அவை முன்போலவே நாக்கைச் சுழற்றி ரசித்தன. சர்க்கரையைத் தேடிப் போகும் வேட்கை மட்டும் அவற்றிடம் இல்லை. ரசிப்பது வேறு, வேண்டும் என்று துடிப்பது வேறு. மூளையில் இரண்டுக்கும் தனித்தனி வழிகள். 1993இல் டெர்ரி ராபின்சனும் பெரிட்ஜும் முன்வைத்த கருத்துப்படி, போதைப் பொருள்கள் துடிப்பைத்தான் ஏற்றிக்கொண்டே போகின்றன. ரசனை அங்கேயே நிற்கும், அல்லது தேயும்.

இதைக் காரைக்கால் பற்றிய கட்டுரையில் சொல்லாமல் விடக் கூடாது. வரி குறைவு, மது மலிவு என்பதால், எல்லை தாண்டி இந்த ஊருக்கு இரவு வருகிறவர்கள் நிறையப் பேர். வெளியூரில் காரைக்கால் என்றாலே சிலருக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது என்பது எனக்கு வருத்தம். மலிவான இன்பம் என்று மதுவையும் சுண்டலையும் ஒரே வரிசையில் வைக்க முடியாது. சுண்டல் நாளைக்கு இரண்டு பொட்டலம் கேட்காது. மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைத்துப் பின்னிரவில் அதைக் கலைக்கும். அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கும்.

பெரிய இன்பம் கிடைத்தவர்கள் சின்ன இன்பங்களை என்ன செய்கிறார்கள்? 1978இல் ஃபிலிப் பிரிக்மனும் இரு சக ஆய்வாளர்களும் இதைக் கேட்டார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரும்பரிசு பெற்ற 22 பேரையும், பரிசு பெறாத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். நண்பரோடு பேசுவது, காலை உணவு, ஒரு நகைச்சுவையைக் கேட்பது போன்ற அன்றாட விஷயங்கள் எவ்வளவு இனிக்கின்றன என்று இரு தரப்பையும் மதிப்பிடச் சொன்னார்கள். பரிசு பெற்றவர்களுக்கு அவை குறைவாகவே இனித்தன. 22 பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாதுதான். ஆனால் 1991இல் எட் டீனரும் பிறரும் வந்து சேர்ந்த முடிவும் இதற்கு அருகில் நிற்கிறது: ஒருவர் தம்மை மகிழ்ச்சியானவர் என்று உணர்வதை, இன்பம் எவ்வளவு பெரிது என்பதைவிட எத்தனை முறை வருகிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. வாரத்தில் நான்கு மாலை கடற்கரைக்குப் போகிற ஊர்க்காரர் இந்தக் கணக்கில் பணக்காரர்.

அவர் தனியாகப் போவதில்லை என்பதும் முக்கியம். யேல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா பூத்பியும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட சோதனையில், பக்கத்தில் இருப்பவரும் அதே நேரத்தில் அதே சாக்லேட்டைத் தின்றபோது அது கூடுதலாக ருசித்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே இப்படி. கசப்பான சாக்லேட்டைச் சேர்ந்து தின்றபோது கசப்பும் கூடியது. ஒரு பொட்டலத்தை நாலு பேர் பிரித்துத் தின்னும் வழக்கத்தை வறுமையாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இடைவெளியும் ருசிக்கு உதவுகிறது. ஓர் இன்பத்தை நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் அது கூடுதலாக இனிக்கிறது என்று லீஃப் நெல்சனும் டாம் மேவிஸும் 2008இல் காட்டினார்கள். அவர்கள் சோதித்தவை இசை, உடம்பு பிடித்துவிடுதல் போன்ற சில நிமிட அனுபவங்கள். காரைக்காலில் கடலே நீண்ட இடைவெளி ஒன்றை விடுகிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்கு விலை ஏறிவிடும். பல வீடுகளில் கருவாடும் கத்தரிக்காயும்தான். அந்த நாட்களில் மீனவர் வீடுகளில் வருமானமும் நிற்கிறது என்பதால், இதை வெறும் ருசிக் கணக்காகப் பார்க்க முடியாது. மத்தியின் கணக்கும் நிலையானதல்ல. கேரளக் கரையில் 2012இல் லட்சக்கணக்கான டன் பிடிபட்ட அதே மீன், 2021இல் சில ஆயிரம் டன்னாகச் சரிந்தது. கடலின் வெப்பமும் மழையும் நுண்பாசியும் மாறும்போது மத்தி முதலில் மாறுகிறது. இங்கே ஜூன் 15இல் படகுகள் கிளம்பும்போது ஆனி பிறக்கிற நேரம். துறைமுகத்தில் மீனும், அம்மையார் கோயில் வீதியில் மாம்பழமும், மேல்காற்றை எதிர்த்துத் தாமதமாக வரும் கடல் காற்றும் அடுத்தடுத்த சில வாரங்களில் ஊருக்கு வந்து சேர்கின்றன.