ஒரு கீபோர்டு... ஒரு கூட்டம் வயலின்!

கல்ச்சுரல்ஸுக்கு வயலின் வாசிக்க ஆள் கிடைக்கலையா? எங்க ஹாஸ்டல் பேண்டுக்கும் அதே கதைதான் பாஸ். லேப்டாப்பைத் திறந்தோம்!

ஸ்ட்ரிங் சிந்தசைஸர் சாஃப்ட்வேருக்குள்ளே நிஜ வயலின் கிடையாது (சாம்பிள் வகையறா வேற). இருப்பது ‘சாடூத்’ அலை. மெள்ள ஏறி, சடாரென்று விழும் ரம்பப் பல். வயலின் தந்தியும் வில்லோடு ஒட்டி நகர்ந்து, சட்டென்று நழுவுது இல்லையா, அதே மாதிரி! தனியாகக் கேட்டால் கொசு ரீங்காரம்தான். ஃபில்டர் கூர்மையைக் குறைக்கும். அட்டாக்கை அரை நொடி நீட்டினால், ஒலி மெதுவாக எழும்பும்.

அப்புறம்தான் மேஜிக். அதே ஒலியை மூன்று நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் சில மில்லிசெகண்ட் தாமதமாக்கி, அந்தத் தாமதத்தையும் ஆட்டிக்கொண்டே இருக்கும். அது ஆட ஆட சுருதி இம்மியளவு ஏறி இறங்கும். ஆட்டங்களுக்கு நடுவே 120 டிகிரி இடைவெளி. ட்ரிபிள்-ஈ மக்களே, த்ரீ ஃபேஸ் ஞாபகம் வருதா? 1974-ல் நெதர்லாந்தின் எமினென்ட் நிறுவனம் ‘சோலினா’ கீபோர்டில் சர்க்யூட்டாகச் செய்ததை, இப்போ கோடிங் செய்கிறது.

பத்துப் பேர் சேர்ந்து வாசித்தால் சுருதி அச்சு அசலாக ஒட்டாது. அந்தப் பிசிறைத்தான் காது ‘கூட்டம்’னு நம்புது. சோலோவுக்கு மட்டும் ஆளைத் தேடுங்க, இது தேறாது!

ரிகர்சலில் ஒருத்தன் கோரஸ் பட்டனை ஆஃப் செய்தான். மொத்தக் கூட்டமும் எழுந்து போய், ஒரே ஒரு ஹார்ன் மட்டும் மிச்சம்!