பாரிசவாதத்தின் பின் மூச்சுக்கும் பயிற்சி வேண்டும்

பாரிசவாதம் வந்து வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "கை அசையுதோ? கால் ஊன்றி நடக்கிறாரோ?" என்பதைத்தான். மூச்சைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நாமும் நெடுநாள் கேட்கவில்லை. நாம் சென்று வந்த வீடொன்றில் ஒரு ஐயா கைகால் பயிற்சிகளை ஒரு நாளும் தவறவிடாதவர். ஆனால் தேநீர் குடித்தால் புரைக்கேறும். இருமி வெளியேற்ற வலுவில்லை. மூன்றாம் கிழமை நியூமோனியாக் காய்ச்சலோடு அவரைத் திரும்பவும் வாட்டில் சேர்க்க வேண்டியதாயிற்று.

நுரையீரல் தானாகச் சுருங்கி விரிவதில்லை. அதன் அடியில் உள்ள பிரிமென்றகடும் பழுக்களுக்கு இடையிலுள்ள தசைகளுமே காற்றை உள்ளே இழுக்கின்றன. இருமும்போது வயிற்றுத் தசைகள் காற்றை வெளியே தள்ளுகின்றன. கையையும் காலையும் போலவே இவையும் மூளையின் கட்டளைக்கு அடங்கிய தசைகள். எனவே பாரிசவாதம் இவற்றையும் தளர்த்துகிறது. மூச்சிழுக்கும் வலு சுகதேகிகளுக்கு உள்ளதில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. சில அடி நடந்ததும் களைப்பது, நீண்ட வசனம் பேச முடியாமை, சளி தங்குவது எல்லாவற்றிலும் இதற்குப் பங்குண்டு.

தளர்ந்த தசைக்குப் பாரம் கொடுத்துப் பழக்குவதே வழி. இதற்கென உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி உண்டு. அதன் வாயில் உள்ள மூடியைச் சுருள்வில் ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும். போதிய வலுவுடன் இழுத்தால்தான் மூடி திறந்து காற்று வரும். பாரத்தை நீரின் சென்ரிமீற்றர் அளவிலே குறிப்பர். குறும்பைக்குள் விட்ட குழாயில் இளநீர் 10 சென்ரிமீற்றர் உயர ஏறுவதற்கு எவ்வளவு இழுவை வேண்டுமோ, அதுவே 10 என்னும் அளவு.

நோயாளரின் முழு வலுவை இயன்மருத்துவர் அளந்து, பெரும்பாலும் அதன் 30 சதவீத அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். நாளுக்கு 30 நிமிடம், கிழமைக்கு 5 நாள், 5 கிழமை செய்தாலே தசை வலுப்பெறும், நெஞ்சுச் சிக்கல்களும் குறையலாம் என 2016 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று கூறியது. பிரேசிலில் 38 பேர் பங்குபற்றிய ஆய்வொன்று 2019 இல் வெளிவந்தது. அதில் நாளுக்கு 40 நிமிடமாக 8 கிழமை வீட்டிலேயே பயின்றவர்களுக்கு மூச்சுத்தசை வலு கூடியது, மூச்சுத்திணறல் குறைந்தது. நடையில் மட்டும் தெளிவான முன்னேற்றம் தென்படவில்லை. இதை மறைக்காமற் சொல்வதே முறை. கால் பயிற்சியை இதற்காகக் கைவிடக் கூடாது.

பயிலும்போது முதுகு நிமிர்ந்து கதிரையில் இருக்க வேண்டும். விழும் பக்கத்துக்குத் தலையணை அண்டக் கொடுங்கள். வாய் கோணியிருந்தால் அந்தக் கடைவாயால் காற்று ஒழுகும். வீட்டார் இரு விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடித்தால் போதும். இடையிடையே ஓய்வு கொடுக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு செய்யக் கூடாது.

கருவி எல்லாருக்கும் கிடைக்காது என்பது எமக்குத் தெரியும். பலூன் ஊதினாற் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். முன்பு நாமே அப்படிச் சொன்னதுண்டு. பலூன் வெளிமூச்சுக்கு மட்டுமே வேலை கொடுக்கும். முக்கி ஊதினால் குருதி அமுக்கமும் ஏறும். அதைவிட, வயிற்றிலே கை வைத்து, கை உயரும்படி மூக்கால் ஆழமாக இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுவது பாதுகாப்பானது. இது கருவிக்கு ஈடாகாது, ஆனாலும் நுரையீரலின் அடிப்பகுதி விரிய உதவும். போத்தல் நீருக்குள் குழாய் விட்டுக் குமிழி ஊதும் முறையும் உண்டு. புரைக்கேறுபவர் அதைத் தொடவே கூடாது. தவறி உறிஞ்சினால் நீர் நெஞ்சுக்குள் போய்விடும்.

குருதி அமுக்கம் கட்டுப்படாதவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு ஏற்பட்டவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. தலை சுற்றினால், நெஞ்சு நொந்தால் உடனே நிறுத்துங்கள். சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, இருமலோடு காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கருவியின் வாய்ப்பகுதியை நாள்தோறும் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்த வேண்டும். ஒருவர் பாவித்ததை அப்படியே அடுத்த வீட்டுக்கு இரவல் கொடுக்க வேண்டாம்.