ஆற்காட்டிலிருந்து திரும்பியவர்

சபையில் மனம் நொந்தவர்கள் சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறுவது அபூர்வம். பெரும்பாலோர் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கும், பின்வரிசையிலிருந்து தாழ்வாரத்துக்கும், அங்கிருந்து தம் வீட்டுத் திண்ணைக்குமாகப் படிப்படியாக விலகிப் போகிறார்கள். சூலக்கரையிலோ விருதுநகர், சிவகாசிப் பக்கத்துச் சேகரங்களிலோ, அசனப் பந்தியில் வாளி தூக்கிப் பரிமாறியவரும் வியாதியஸ்தர் வீடுகளுக்கு முதல் ஆளாய்ப் போய் ஜெபித்தவரும், கமிட்டித் தேர்தலில் தெறித்த ஒரு சுடுசொல்லினாலோ காணிக்கைக் கணக்கின்மேல் விழுந்த ஒரு சந்தேகத்தினாலோ ஓய்ந்துபோனதைக் காணாதவர் இல்லை. கேட்டால், "நான் ஒதுங்கிட்டேன் அண்ணாச்சி" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு வளராது.

இவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தக்க சரித்திரம் ஒன்று நம் சீமையிலேயே உண்டு. ராமநாதபுரம் ஜில்லா 1910இல் பிரிக்கப்படுமுன் அன்று விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரும் சிவகாசியும் திருநெல்வேலி ஜில்லாவில் அடங்கியிருந்தன. அந்த ஜில்லாவுக்கு 1820இல் வந்து சேர்ந்தவர் ரேனியஸ் ஐயர். பிரஷ்யாவில் பிறந்த லுத்தரானியரான அவர், ஆங்கிலேயரின் சி.எம்.எஸ். சங்கத்துக்கு ஊழியராக இருந்தார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் பயின்று, தமிழுக்கு இலக்கணம் வகுத்து, 1832இல் 'பூமி சாஸ்திரம்' வெளியிட்டு, புதிய ஏற்பாட்டின் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தி எழுதி, மதம் மாறியதால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டோருக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830இல் தர்ம சங்கமும் கண்ட அவருடைய வரங்களில் எது பெரிதென்று சொல்வது கடினம்.

உபதேசிமாருக்குக் குருப்பட்டம் கொடுப்பது லுத்தரானிய முறையிலா, ஆங்கிலத் திருச்சபையின் முறையிலா என்பதில் பிணக்குத் தொடங்கிற்று. அத்திருச்சபையின் ஒழுங்குகளைப் பற்றிய ஒரு நூலுக்கு அவர் எழுதிய கடுமையான மதிப்புரையோடு அது முற்றிற்று. 15 ஆண்டுப் பாடுக்குப் பின், 1835இல் சங்கத்தார் அவரை நீக்கிவிட்டார்கள். அவர் பாளையங்கோட்டையை விட்டு ஆற்காட்டுக்குப் போய்ப் புதிதாக ஒரு மிஷனைத் தொடங்க முனைந்தார். ஆனால், அவர் வளர்த்த உபதேசிமாரும் சபையாரும் வருந்தி அழைக்கவே, அதே ஆண்டில் திரும்பி வந்தார். நீக்கியவர்கள் ஒரு வார்த்தை இரங்கிச் சொன்னதால் வந்தவரல்லர் அவர். நோகச் செய்தவர்கள் வேறு, வேலை வேண்டி நின்றவர்கள் வேறு என்று பிரித்தறிந்ததால் வந்தவர் என்றே நான் கருதுகிறேன். பழைய உத்தியோகமோ சங்கத்துச் சம்பளமோ திரும்பவில்லை; நண்பர்களின் உதவியே ஆதாரமாயிற்று.

அதில் தோஷமே இல்லையென்று வாதாட வரவில்லை. சங்கத்தின் பக்கம், ரேனியஸ் பக்கம் என்று சபைகள் இரண்டுபட்டன. 1838 ஜூன் 5ஆம் தேதி தம் 47ஆம் வயதில் அவர் காலமான பின்னரே அவருடைய கூட்டாளிகள் சங்கத்தோடு சமாதானமானார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும்: அவருடைய வேதத் திருத்தமே தஞ்சையில் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியாரின் மனத்தைப் புண்படுத்திய காரியங்களில் ஒன்று. ஜாதி வழக்கத்தை விடமாட்டேனென்று சாஸ்திரியார் நின்றதை நாம் ஏற்பதற்கில்லை. என்றாலும், புதிய மிஷனரிமாரோடு முரண்பட்டு 1829இல் மிஷன் வேலையை இழந்த அந்தக் கவிராயர் பாட்டை நிறுத்தினாரில்லை.

தீங்கிழைத்தவன் அதே நாற்காலியில் வீற்றிருக்கையில், பாதிக்கப்பட்டவரை அவன்கீழ் மறுபடி வேலை செய்யச் சொல்வது உபதேசமன்று, கொடுமை. திரும்புவதென்றால் அதே பெஞ்சுக்குத்தான் திரும்பவேண்டுமென்ற விதியும் கிடையாது. நானறிந்த ஆர்மோனியக்காரர் ஒருவர், பாடகர் குழுவில் பட்ட அவமானத்தால் சில காலம் பெட்டியைத் திறவாமலே வைத்திருந்துவிட்டு, இப்போது ஞாயிறு மாலைகளில் அதை வேறொரு கிராமத்துக்குச் சுமந்து செல்கிறார். பட்டாசு ஆபீஸில் வேலை செய்து, நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுமினுப்புப் போகாத தாய்மார் அங்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு சிறுமிக்குத் துருத்தியை இழுத்தால் கட்டை தவறுகிறது, கட்டையைப் பார்த்தால் துருத்தி நின்றுவிடுகிறது. கமிட்டியில் அவருடைய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகையை அவர் தொடங்கிவிட்டார்.