துப்பாக்கியை மிரட்டிய இட்லிச்சட்டி!

வீடியோ கேம் என்றாலே "டுமீல், டுமீல்" துப்பாக்கிச் சத்தம்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்தது.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2024 மார்ச்சில் வீடியோ கேம் தயாரிப்பாளர் மாநாடு நடந்தது. அங்கே சுயேச்சைத் தயாரிப்புகளுக்கான முதல் பரிசை அறிவித்தார்கள். தட்டிச் சென்றது "வெண்பா". தயாரித்தது கனடாவின் "விசை கேம்ஸ்".

கதை இதுதான். 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தம்பதி. மனைவி வெண்பாவிடம் அம்மா கொடுத்த சமையல் நோட்டு. பல எழுத்து அழிந்துபோச்சு! விடுபட்டதை யூகித்து இட்லி, புட்டு, பிரியாணி செய்யவேண்டும். அதுதான் ஆட்டம். தட்டை மாற்றி அடுக்கினால் இட்லிக்கு ஆவி ஏறாது!

மகன் கவினோ தமிழையே விட்டு விலகிப் போகிறான். நோட்டோடு பேச்சும் அழிகிறதே என்று எனக்குப் பகீரென்றது.

ராத்திரியிலும் சுடச்சுட இட்லி கிடைக்கும் ஊர் மதுரை. ஆனால் எத்தனை வீட்டில் சமையல் நோட்டு இருக்கிறது? எங்கள் வீட்டில் இல்லை. எல்லாம் அம்மாவின் கைக்கணக்கு.

அன்றிரவே அம்மாவிடம் கேட்டேன்.

"நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து. இதைப் போய் எழுதணுமாக்கும்?" என்றார்.

எழுதிக்கொண்டேன்.