ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையா? கடைக்குத் தூக்கிச் செல்லும் முன்...

கம்ப்யூட்டர் நன்றாக இயங்குகிறது, வீடியோவில் படமும் ஓடுகிறது, ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் இல்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால், காஞ்சிபுரத்துக்கு வரும் சனி, ஞாயிறுகளில் இந்த வைத்தியமும் என் பொறுப்பாகிவிட்டது.

சமீபத்தில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டிலும் இதே பிரச்னை. மகள் வங்கித் தேர்வுக்குப் படிப்பதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. பாட வீடியோவில் ஆசிரியரின் வாய் அசைகிறது, குரல் இல்லை. கடையில் கேட்டதற்கு, "மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஆறாயிரம் ரூபாய் சொன்னார்களாம். கூலிக்குப் பட்டு நெய்யும் வீட்டில் அது சின்னத் தொகையா? உண்மையில் மதர்போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியைக் குறை சொல்வதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போடுகிறார். இங்கும் அதே வேலைதான். பாட்டு பைலில் இருப்பவை வெறும் எண்கள். விண்டோஸ் அவற்றை டிரைவர் வழியாக மதர்போர்டில் உள்ள ஆடியோ சிப்புக்கு அனுப்புகிறது. சிப் அவற்றை மெல்லிய மின் அலையாக மாற்றுகிறது. அது ஒயர் வழியாக ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிபயருக்குப் போய், அங்கே பெரிதாகிறது. இதில் எங்கே அறுந்தாலும் சத்தம் வராது.

முதலில் ஸ்பீக்கரைச் சோதியுங்கள். அதன் விளக்கு எரிகிறதா, வால்யூம் திருகு கூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளக்கை இயர்போன் துளை உள்ள செல்போனில் செருகிப் பாட்டுப் போடுங்கள். பாடினால் ஸ்பீக்கர் மீது குற்றமில்லை.

அடுத்து கேபினட்டின் பின்புறம். ஸ்பீக்கருக்கு உரியது பச்சைத் துளை. இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தத்தை உள்ளே எடுக்க. மைக்ரோசாப்ட்டும் இன்டெல்லும் சேர்ந்து வெளியிட்ட பி.சி. 99 வழிகாட்டி இந்த நிறங்களைப் பரவலாக்கியது. பிளக்கை 'டக்' என்று முழுதாக அழுத்துங்கள். பாட்டில் வாத்தியம் கேட்டு, பாடகர் குரல் மட்டும் காணாமல் போகிறதா? பிளக் பாதியில் நிற்கிறது, அல்லது அதன் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. இடது, வலது இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும் குரல் அப்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்! கேபினட்டின் முன்புறத் துளை மட்டும் வேலை செய்யாவிட்டால், அசெம்பிள் செய்தவர் உள்ளே அதற்கான கேபிளை மாட்டாமல் விட்டிருக்கலாம்.

இனி விண்டோஸ். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் தவறு இங்கேதான். எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தோடு சத்தத்தையும் சுமந்து செல்லும். அதனால் புது மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் சத்தத்தை மானிட்டருக்கே அனுப்பிவிடுவதுண்டு. பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது! பிள்ளையார்பாளையத்தில் நடந்தது இதுதான். "மானிட்டர் மாற்றின நாள்லேர்ந்துதான் தம்பி சத்தம் இல்ல" என்று அந்த அப்பா சொன்னதுமே பாதி வேலை முடிந்துவிட்டது.

விண்டோஸ் 11-ல் கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து, வால்யூம் கோட்டின் வலப்பக்கம் இருக்கும் சிறிய படத்தை அழுத்துங்கள். கருவிகளின் பட்டியல் வரும். அதில் மானிட்டர் பெயரை விட்டு 'ஸ்பீக்கர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-ல் (இதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது) அந்தப் பெயர் வால்யூம் கோட்டுக்கு மேலேயே இருக்கும்.

பட்டியலில் 'ஸ்பீக்கர்ஸ்' இல்லையென்றால், ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'சவுண்ட்' பிரிவைப் பாருங்கள். ஆடியோ சிப்பின் பெயரில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. ரைட் கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கோளாறு. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். 'இலவச டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வருபவை வேண்டாம்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் சிப்பே போயிருக்கலாம். அப்போதும் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் கிடைக்கிறது. அதைச் செருகி, ஸ்பீக்கர் பிளக்கை அதில் மாட்டி, மேலே சொன்ன பட்டியலில் அதன் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.