வேன் கூரை உள்ளுறை

வேன் கூரை உள்ளுறை என்பது வேன், சிற்றுந்து முதலிய வாகனங்களின் கூரைத் தகட்டை உட்புறத்தில் மறைக்கும் துணி அல்லது பலகை அமைப்பு ஆகும். இது வெயிலின் வெப்பத்தையும் மழையின் ஓசையையும் குறைக்கிறது. விளக்குகளுக்குச் செல்லும் மின்கம்பிகளையும் மறைக்கிறது. படுத்துறங்கும் வசதி கொண்ட கேம்பர் வேன்களில் இதன் தேவை மிகுதி. 1984 முதல் 2019 வரை தயாரிக்கப்பட்ட மாருதி ஆம்னி, 1987 இல் அறிமுகமான டெம்போ டிராவலர் போன்ற வேன்களை இவ்வாறு மாற்றியமைப்போர் இந்தியாவில் உள்ளனர். தமிழ்நாட்டில் பழைய உள்ளுறையை வாகனக் குஷன் கடைகளில் மாற்றித் தருகின்றனர்.

வகைகள்

பழைய வாகனங்களில், கூரையின் குறுக்கே செல்லும் வளைந்த எஃகுக் கம்பிகளில் ரெக்சின் அல்லது துணி கோக்கப்பட்டு, அதன் ஓரங்கள் இழுத்து ஒட்டப்பட்டிருக்கும். பிற்கால வாகனங்களில், அச்சில் வார்த்த அட்டையின் மீது மெல்லிய ஃபோம் பதித்த துணி ஒட்டப்படுகிறது. கேம்பர் வேன்களில் மரச்சட்டங்களின் மீது ஒட்டுப்பலகை பொருத்தும் முறையும் உண்டு.

பழுதடையும் காரணங்கள்

ஃபோம் பதித்த உள்ளுறை தொங்கும்போது பெரும்பாலும் துணி கெட்டிருப்பதில்லை; ஃபோமே சிதைந்திருக்கும். பாலியூரித்தேன் ஃபோமின் ஒரு வகை ஈரத்தால் நீராற்பகுப்பு அடைகிறது. மற்றொரு வகை வெப்பத்தாலும் ஒளியாலும் உயிர்வளியேற்றம் அடைகிறது. இரண்டும் இறுதியில் பொடியாகவோ பிசினாகவோ மாறும். ஆகவே தொங்கும் துணியை மீண்டும் பசையிட்டு ஒட்டினால் அது நிலைப்பதில்லை. தொங்கும் துணி ஓட்டுநரின் பின்புறப் பார்வையையும் மறைக்கக்கூடும்.

கடலோரப் பகுதிகளில்

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்குக் கிழக்கே, பிச்சாவரம் அலையாத்திக் காட்டை அடுத்துள்ள கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் வெப்பம், ஈரப்பதம், உப்புக்காற்று ஆகிய மூன்றும் சேர்கின்றன. வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்தின் கூரை 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து இரும்பின் துருவை விரைவுபடுத்துகிறது. உறைக்கு மேல் மறைந்திருக்கும் இத்துரு, தகட்டில் துளை விழுந்து வடகிழக்குப் பருவமழையில் நீர் ஒழுகும் வரை தெரிவதில்லை. உள்ளுறையைக் கழற்றும் காலமே கூரைத் தகட்டை முழுமையாக ஆராயக் கிடைக்கும் வாய்ப்பாகும்.

மாற்றும் முறை

முதலில் மின்கலத்தின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, விளக்கு, வெயில் மறைப்பு, கைப்பிடி, கதவோர ரப்பர் பட்டை ஆகியவை கழற்றப்படுகின்றன. கம்பி வகையில் ஒவ்வொரு கம்பியின் வளைவும் வேறுபடலாம் என்பதால் அவற்றிற்கு வரிசை எண் இடுவது அவசியம். பழைய உறை புதியதை வெட்டுவதற்கான அளவாகப் பயன்படுவதால், வேலை முடியும் வரை அதை எறிதல் கூடாது.

அடுத்து, தகட்டின் துரு சுரண்டப்பட்டு, ரெட் ஆக்சைடும் வண்ணமும் பூசப்படுகின்றன. கேரியர் திருகாணிகள், தகட்டு இணைப்புகள் ஆகிய இடங்களில் நீர் ஊற்றி ஒழுக்கு உள்ளதா எனச் சோதிக்கப்படுகிறது.

அட்டையில் ஒட்டியுள்ள பழைய ஃபோம் தூள் முழுவதையும் தூரிகையால் நீக்க வேண்டும். எஞ்சிய தூளின் மீது இட்ட பசை தூளையே பற்றும், அட்டையைப் பற்றாது. வெப்பம் தாங்கும் ரப்பர் பசை இரு பரப்புகளிலும் பூசப்பட்டு, சற்று உலர்ந்தபின் துணி நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி நீவி ஒட்டப்படுகிறது. மர வேலைக்கான வெள்ளைப் பசை வெப்பத்தில் இளகுவதால் இதற்கு ஏற்றதன்று. கம்பி வகையில் நடுக்கம்பியில் தொடங்கி, இடமும் வலமும் மாறிமாறி இழுத்தால் சுருக்கம் விழாது.

பாதுகாப்பு

ரப்பர் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். கதவுகளைத் திறந்து வைத்து, நெருப்பை விலக்கியே பணி செய்ய வேண்டும். உறைத் துணி எரியும் வேகமும் முக்கியமானது. ஐக்கிய அமெரிக்காவின் 302ஆம் வாகனப் பாதுகாப்புத் தரம், உட்புறப் பொருள்களில் தீ நிமிடத்திற்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது என வரையறுக்கிறது. இந்தியாவில் இதற்கென ஐ.எஸ். 15061 தரம் உள்ளது. வீட்டுத் திரைச்சீலைத் துணியோ சாதாரண மெத்தை ஃபோமோ இத்தகைய சோதனைக்கு உட்பட்டவை அல்ல. உள்ளே சமைத்து உறங்கும் கேம்பர் வேனில் விலையை விட இதுவே முதலில் கருதத்தக்கது.