மேகத்துக்குள் மூன்று நிமிஷம்

மார்கழி விடியலில் பெருங்குடியில் நின்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கினால், சில நாட்களில் கோரையும் தெரியாது, கொக்கும் தெரியாது; பனிதான் தெரியும். மீனம்பாக்கம் நோக்கிச் செல்லும் விமானத்தின் இரைச்சல் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். அந்தப் பெரிய விமானத்தைப் பற்றி நாம் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதன் விமானி கருவிகளையும் ரேடியோ அலைகளையும் நம்பி இறங்குகிறார்; இயலாதென்றால் வேறு ஊருக்குப் போய்விடுகிறார். 2018-ஆம் வருஷம் போகிப் புகை மண்டிய காலையில் பல விமானங்கள் அப்படித் திருப்பி விடப்பட்டன.

கவலைக்கு இடமானது, கண்ணை நம்பிப் பறக்கும் சிறு விமானம். 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து சென்னைக்கு ஆகாயத் தபால் தொடங்கியபோது, பம்பாய் வரையில் ஜே. ஆர். டி. டாடாவும், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரையில் நெவில் வின்சென்ட்டும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் அப்படித்தான் பறந்தார்கள். ரேடியோ கிடையாது, தரையில் தெரிவனவே வழிகாட்டி. இன்று நம் நாட்டில் பதினாயிரம் அடிக்குக் கீழே இம்முறையில் பறப்பதற்குப் பொதுவாக எதிரே 5 கிலோமீட்டர் தெரிய வேண்டும். மேகத்தை விட்டுப் பக்கவாட்டில் ஒன்றரைக் கிலோமீட்டரும், மேலும் கீழும் 300 மீட்டரும் விலகியிருக்க வேண்டும்.

மேகம் என்ன மலையா, இத்தனை கெடுபிடி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ஆபத்து மேகத்தில் இல்லை. நம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் ஒரு திரவம் உண்டு. உடல் திரும்பும்போது அது அசைந்து செய்தி சொல்லும். ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, திரவமும் குழாயோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும். நேரே போவதாகவே தோன்றும். தட்டாமாலை சுற்றி நின்ற குழந்தைக்குப் பூமி சுழல்வதும் இந்தத் திரவத்தின் கைங்கரியமே. வெளிச்சத்தில் அடிவானத்தைக் கண்டு கண் இப்பிழையைத் திருத்திவிடும். மேகத்துக்குள் அடிவானம் ஏது? விமானம் தானே ஒருபக்கம் சாய்ந்து வட்டமிட்டு இறங்கும். உயரம் குறைவதைக் கண்ட விமானி, சாய்வை அறியாமல் பிடியைத் தம் பக்கம் இழுப்பார். வட்டம் இன்னும் இறுகும்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில் இதைப் பரீட்சித்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாதபடி மறைத்து, விமானம் ஓட்டச் செய்தார்கள். இருபது பேரும் கட்டுத் தவறினார்கள். சராசரியாக அவர்கள் தாங்கியது 178 விநாடி. காப்பியை ஆற்றிக் குடிக்கக்கூட அந்த நேரம் போதாது! பிறகு, கருவியை மட்டுமே பார்த்து, பதறாமல் அரைவட்டம் அடித்து வந்த வழியே திரும்பும் வித்தையைக் கற்பித்தார்கள். 60 முயற்சிகளில் 59 பலித்தன.

வித்தை எளிது; திரும்புவோம் என்று மனம் துணிவதுதான் அரிது. காத்திருப்பவர்கள், நிச்சயித்த நேரம், இதோ வந்துவிட்டோம் என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து முன்னே இழுக்கின்றன. தேர்ந்த விமானிகளும், நல்ல கருவிகளும் இருந்தாலும், மலைப் பள்ளத்தாக்கில் தாழப் பறக்கையில் மூடுபனி அவகாசம் தருவதில்லை.

2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் முதலிய 14 பேருடன் புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. யந்திரக் கோளாறோ சதியோ இல்லை, வானிலை திடீரென மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து விமானிக்குத் திசைமயக்கம் நேர்ந்தது என்று விசாரணைக் குழு கண்டது. 2024-இல் வெளியான பார்லிமெண்டுக் குழு அறிக்கையோ விமானிகளின் பிழை என்று ஒரே வரியில் பதிந்திருக்கிறது. அந்த ஒரு வரி நமக்குத் திருப்தி தரவில்லை; அதில் பனியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தொடர்பு அறுந்தது பகல் 12 மணி 8 நிமிஷத்துக்கு. வெல்லிங்டனில் இறங்க வேண்டிய நேரம் 12.15.